சமாதானம் செய்யப்பட்ட புள்ளிகள்

(தில்லி ஆர்.கே.புரத்தில், தமிழர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் புள்ளியியல் பேராசிரியர் வத்சலா ஆற்றிய உரை. விழா மலருக்காக அவரே எழுதித் தந்தது.)

ஒரு தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே விழ வேண்டிய புள்ளி ஒன்று, மேல்கோட்டைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டது. குற்றம் புள்ளியினுடையதா, கோட்டினுடையதா?

வணக்கம் சொல்வதற்கு முன்பே கேள்வி கேட்கிறாளே என்று பார்க்கிறீர்கள். வகுப்பறைப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. இதைப் பாடமாக நடத்தத்தான் பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் தருகிறது. ஆனாலும் தெரியாது. தாளை மட்டும் பார்த்து விடை சொல்லிவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று பொருள்.

இனி வணக்கம்.

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, பேச்சாளரையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிக் கண்காணித்துக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய திரு. சந்திரமௌலி அவர்களே! அமைச்சகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து, ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் இந்த மன்றத்தைக் கட்டிக் காக்கும் பெரியோர்களே! மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நேரே இங்கு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! கிட்வாய் நகரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களே! குர்கானிலிருந்து மெட்ரோவில் நின்றுகொண்டே வந்த இளைஞர்களே! மருத்துவமனைப் பணி முடித்து, கண்ணில் எரிச்சலும் முகத்தில் சிரிப்புமாக அமர்ந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே! அம்மா கூப்பிட்டதற்காக வந்து, தமிழ் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், கைபேசிக்குள் குனிந்திருக்கும் கடைசி வரிசைக் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘செயற்கை நுண்ணறிவு: விடியலா, வியப்பா?’ என்பது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். தலைவர் அவர்களே, மூன்றாவதாக ‘எரிச்சல்’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டா? சிரிக்கிறார். அனுமதி கிடைத்துவிட்டது.

ஏன் எரிச்சல்? சொல்கிறேன்.

இந்தத் தில்லியில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடம். அதன் தரக் குழுவில் நான் வெளியிலிருந்து வந்த உறுப்பினர். அந்தக் கூடத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும், உங்கள் இரத்தமும் என் இரத்தமும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன், ஒரு சின்ன பாட்டில் போகிறது. அதற்கு ‘கன்ட்ரோல்’ என்று பெயர். அதில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்ததை இயந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். சொன்ன எண்ணைப் படத்தில் ஒரு புள்ளியாக வைப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்தால் வேலையைத் தொடங்கலாம். வெளியே விழுந்தால் நிறுத்த வேண்டும். ஏன் என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகே நோயாளியின் இரத்தத்தைத் தொட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலைகளுக்காகப் பிறந்த எளிய படம் இது. இதைவிட நேர்மையான படத்தை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை: புள்ளி வைப்பவர், வந்த புள்ளியை வைக்க வேண்டும்.

இந்தப் படத்தை மேம்படுத்துவதற்கு ஒரு மென்பொருள் வந்தது. கொண்டுவந்தவர் ப்ரணவ். குர்கான் நிறுவனம் ஒன்றில் பொறியாளர், தில்லியிலேயே பிறந்த தமிழர், கெட்டிக்காரர். குழுவின் முன்னால் திரையில் படங்களை ஓட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னார்.

“பழைய சார்ட் ரொம்ப மந்தம், மேம். லைன் தாண்டினாத்தான் கத்தும். நம்ம மாடல் தாண்டறதுக்கு முன்னாடியே சொல்லிடும். ஏன்னு சொல்லும், யாராலன்னுகூட சொல்லும்.”

“யாராலன்னா?”

“ஆபரேட்டர் பேரையும் உள்ள குடுத்திருக்கோம். ‘காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல வந்துடும். இந்த லேபோட பழைய டேட்டா முழுக்க வெச்சு டிரெயின் பண்ணிருக்கோம். இவ்ளோ க்ளீன் டேட்டா நான் லைஃப்ல பாத்ததில்ல மேம்!”

நானும் பார்த்ததில்லை. வருடக்கணக்கில் ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தாண்டவில்லை. கையால் தொட்டு வேலை செய்யும் எந்தக் கூடத்திலாவது இப்படி நடக்குமா? வெயில் உண்டு, கரண்ட் போவது உண்டு, சோதனைக்கு ஊற்றும் மருந்துப் புட்டி மாறுவது உண்டு. இத்தனைக்கும் நடுவில் அசையாத இயந்திரமா? கேட்டேன். மருத்துவமனையின் சூப்பரின்டெண்டெண்ட் புன்னகையோடு சொன்னார்: “மேடம்ஜி, கபீ தோ குஷ் ஹோ ஜாயா கரோ.” எப்போதாவது சந்தோஷப்படுங்கள் என்று எனக்கு அறிவுரை. அறிவியல் கேள்விக்கு ஆனந்தம் பதிலாகுமா? ஆனது. தீர்மானம் நிறைவேறியது. தேநீர் வந்தது.

மென்பொருள் வேலை செய்யத் தொடங்கியது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. காலையில் எச்சரிக்கை, கண்ணை மூடித் திறந்தால் எச்சரிக்கை. ‘காரணம்’ என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே சொல். இயந்திரமா? இல்லை. மருந்தா? இல்லை. மின்சாரமா? இல்லை. ‘ஆபரேட்டர்: ஃபெபி.’

யார் இந்த ஃபெபி? தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அம்மா செவிலியர். ஃபெபி லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, தில்லிக்கு வந்து, மென்பொருள் வந்த சமயத்தில்தான் கூடத்தில் சேர்ந்து, இன்னும் தகுதிகாண் காலத்தில் இருப்பவள். வேலை உறுதியானால் இங்கே இருப்பாள். உறுதியாகாவிட்டால், ‘கைச்சுத்தம் போதாது’ என்ற குறிப்போடு ஊருக்கு ரயில் ஏறுவாள். அந்தக் குறிப்போடு வேறு எந்த மருத்துவமனை வேலை கொடுக்கும்? பெயரைச் சொல்லிப் பேசலாமா என்று கேட்டேன். “நல்லாச் சொல்லுங்க. ஒளிச்சு வைக்க நான் என்ன களவா எடுத்தேன்?” என்றாள். அதனால் சொல்கிறேன்.

கான்டீனில் அவளைப் பார்த்துக் கேட்டேன். “உன் ஷிப்டில் மட்டும் ஏன்மா புள்ளி வெளியே போகிறது?”

“எனக்கென்ன மேடம் தெரியும்? பாட்டிலப் போட்டேன், நம்பர் வந்துச்சு, வச்சேன். வேற நம்பர் வேணும்னா அந்த மெஷின்ட்டப் போயிக் கேளுங்க. என்னைய ஏன் கேக்கீங்க?”

“கை சுத்தமில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.”

“எங்கம்மா கை கழுவாமச் சோறு போட மாட்டா மேடம். என் கையா சுத்தமில்ல? எழுதுனவன் கையக் காட்டச் சொல்லுங்க!”

பணிவான பெண் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் தமிழர். அந்தக் கூடத்தில் இருபது வருடமாக இருப்பவர்.

“இந்த வாயிதான் மேடம் இதுக்கு எதிரி. எத்தன தடவ சொல்லிட்டேன், மனா லேனா சீக் லே பேட்டீன்னு. கேட்டாத்தானே?”

“எதை மனா லேனா?”

“கன்ட்ரோலத்தான். காலங்காத்தால மெஷின் கொஞ்சம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். ஒரு தடவ ஓட்டினா வெளிய போகும். இன்னொரு தடவ ஓட்டணும். அதுவும் போச்சா, மூணாவது. வந்துடும். வந்ததும் அதை சேவ் பண்ணிட்டு பேஷண்ட ஆரம்பிக்க வேண்டியதுதான். வெளிய வெறும் வயித்தோட அத்தன பேர் நிக்கறான், ‘பையா ஜல்தி கரோ’ன்னு அவசரப்படுத்தி கவுண்டர் கண்ணாடியத் தட்டறான். நான் மெஷினத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரவா?”

“முதலில் வந்த எண்கள்?”

“அது எதுக்கு மேடம்? கோவத்துல சொன்னதையெல்லாம் யாராவது எழுதி வெப்பாங்களா?”

இந்தி தெரியாதவர்கள் இந்த மன்றத்தில் இருக்க முடியாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ‘மனா லேனா’ என்றால், முகம் திருப்பிக்கொண்டவரைக் கொஞ்சி, கெஞ்சி, வழிக்குக் கொண்டுவருவது. அதைக் கற்றுக்கொள் மகளே என்றுதான் ஃபெபியிடம் சொல்லியிருக்கிறார். சம்பந்தியை அப்படிச் சமாதானம் செய்யலாம். சகலையைச் செய்யலாம். இரத்தப் பரிசோதனை இயந்திரத்தைச் செய்யலாமா?

அவர் ரகசியமாகச் சொல்லவில்லை, கவனியுங்கள். கான்டீனே கேட்க, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னார். அது குற்றம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அங்கே எல்லோரும் செய்வது அதுதான். புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்தில் கழிவறை எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள், கன்ட்ரோலை எப்படிச் சமாதானம் செய்வது என்று காட்டுவார்கள். ஃபெபி ஒருத்திதான் இரண்டாவதைக் கற்க மறுத்தாள்.

இப்போது புரிகிறதா, சபையோரே? ப்ரணவின் மென்பொருள் எதைப் படித்தது? இயந்திரத்தையா படித்தது? இல்லை. சமாதானம் செய்யப்பட்ட புள்ளிகளைப் படித்தது. வெளியே விழுந்தது எதுவும் அதன் கண்ணில் படவே இல்லை. ‘உலகம் இவ்வளவு ஒழுங்கானது’ என்று அது நம்பியது. கோடுகளை இன்னும் நெருக்கிப் போட்டது. அந்த ஒழுங்கான உலகத்தில் ஒரே ஒருத்தி மட்டும் வந்த எண்ணை வந்தபடி வைக்கிறாள். அவளைத்தான் அது நோய் என்று கண்டுபிடித்தது. உண்மையைச் சொன்னவளைப் பிழை என்று துல்லியமாகச் சுட்டிக்காட்டியது. ப்ரணவ் என்னிடம் பெருமையாகச் சொன்னார், தொண்ணூற்றேழு சதவீதம் சரியாகச் சொல்கிறதாம். எதோடு ஒப்பிட்டுச் சரி, தம்பி? சமாதானத்தோடு ஒப்பிட்டுச் சரி!

இதில் என்னைத் தூங்கவிடாதது வேறு. கன்ட்ரோலுக்கு மூன்று வாய்ப்பு. நோயாளிக்கு? ஒரே வாய்ப்பு. கன்ட்ரோல் கோபித்தால் மறுபடி ஓட்டுகிறார்கள். உங்கள் இரத்தம் போகும்போது அதே இயந்திரம் கோபித்தால், அந்தக் கோபம் அப்படியே அச்சாகி, உறைக்குள் போடப்பட்டு, உங்கள் கையில் தரப்படுகிறது. அதை வைத்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார். தடுமாறும் இயந்திரம் எப்போதாவது சரியான எண்ணையும் சொல்லும். அந்த ‘எப்போதாவது’ வரும்வரை காத்திருந்து புள்ளி வைத்துவிட்டு, ‘எப்போதும்’ என்று கையெழுத்துப் போடுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

தலையாட்டுகிறீர்கள். அந்த டெக்னீஷியன் மேல் கோபம் வருகிறது, இல்லையா? இருங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். பாதி அவை. நல்லது. எண் அதிகமாக வந்ததும் இன்னொரு விரலைக் குத்திப் பார்த்தவர்கள்? வெட்கப்படாமல் தூக்குங்கள்.

முன்வரிசையில் பட்டு மாமி எழுந்தே நிற்கிறார். “நான் மூணாவது விரல்வரைக்கும் போயிருக்கேன்டிம்மா! மூணாவதுலதான் மனசுக்குப் பிடிச்சாப்ல வந்தது!”

மாமி, முதல் விரலின் எண்ணை டாக்டரிடம் சொன்னீர்களா?

“அவர் திட்டுவாரே!”

கேட்டீர்களா? டாக்டர் திட்டுவார். வரிசையில் நிற்பவன் கண்ணாடியைத் தட்டுவான். மேலதிகாரி முகம் சுளிப்பார். சமாதானம் செய்யப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு திட்டு காத்திருக்கிறது. தலைவர் அவர்களே, நீங்கள் இருந்த அமைச்சகத்திலிருந்து மேலே போன மாதாந்திர அறிக்கைகள் எல்லாம் முதல் விரலா, மூன்றாவது விரலா?

“அதெல்லாம் ரவுண்டிங் ஆஃப், மேடம்!” என்கிறார் தலைவர். கைதட்டுங்கள், பரவாயில்லை. இந்த அவையில் பாதிப் பேர் அந்தக் கைத்தட்டலின் பொருள் தெரிந்தே தட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் இயந்திரக் கற்றலுக்கு எதிரி அல்ல. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நாளை யாராவது திரித்துச் சொல்வார்கள். ஒரு மனிதக் கண்ணால் பல பரிசோதனைகளின் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க முடியாது, அதனால் முடியும். நாளுக்கு நாள் நகம் அளவு நகரும் எண்ணை நாம் கவனிக்க மாட்டோம், அது கவனிக்கும். அதற்கு எல்லாப் புள்ளிகளையும் கொடுங்கள். தள்ளியதையும் கொடுங்கள், வெட்கப்பட்டதையும் கொடுங்கள். ‘யார்’ என்று கேட்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். ‘எது’ என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அவ்வளவுதான் என் தொழில்நுட்ப ஆலோசனை. இதைச் சொல்ல எனக்கு முனைவர் பட்டம் தேவைப்பட்டது என்பதே எனக்கு அவமானமாக இருக்கிறது.

ப்ரணவிடமும் சொன்னேன். “ரீ-ரன் டேட்டா இருக்குன்னே எங்களுக்கு யாரும் சொல்லலையே மேம்,” என்றார். நீங்கள் கேட்டீர்களா என்றேன். “இவ்ளோ க்ளீனா இருந்தா யார் மேம் கேப்பாங்க?” என்றார். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை.

நாளை குழு கூடுகிறது. ஃபெபியை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்யும். நான் பேசுவேன். ஆனால் நான் வெளியாள். கான்டீனில் கேட்டது என்று சொன்னால் செவிவழிச் செய்தி என்பார்கள். தள்ளிய எண்களை யாரும் சேமிக்கவில்லை. ஆகவே காட்டுவதற்கு எதுவும் இல்லை. அந்தக் கூடத்தில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து, ‘ஆமாம், நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்’ என்று சொன்னால் தவிர, அந்தப் பெண் போக வேண்டியதுதான். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. எழுந்திருங்கள் என்று கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. அந்த மூத்த டெக்னீஷியனிடம் நான் கேட்கவும் இல்லை.

ஆனால் உங்களிடம் கேட்கலாம், இல்லையா? செவிலியச் சகோதரிகளே, கணக்காளர்களே, பொறியாளர்களே, ஓய்வு பெற்ற அதிகாரிகளே! முதலில் வந்ததை முதலில் வையுங்கள். அது கோட்டுக்கு வெளியே விழட்டும், விழுந்தபடியே இருக்கட்டும். உங்களைத் திட்டட்டும். திட்டியவர் களைத்துப் போகட்டும். இன்றைக்கு நாம் எழுதுவதையெல்லாம் நாளைக்கு ஓர் இயந்திரம் படிக்கப்போகிறது. மருத்துவமனையில் படிக்கும், அலுவலகத்தில் படிக்கும், பள்ளிக்கூடத்தில் படிக்கும். நாம் சமாதானத்தை எழுதினால் சமாதானத்தைப் படிக்கும்; படித்துவிட்டு, உண்மை பேசுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கொடுக்கும். அந்தக் கண்காணியை வளர்ப்பது வேறு யாருமில்லை. நாம். நம் விரல். நம் மூன்றாவது விரல்!

தலைவர் கடிகாரத்தைக் கழற்றி மேசை மேலேயே வைத்துவிட்டார். அழைத்த மன்றத்தாருக்கும், விடியலையும் வியப்பையும் எதிர்பார்த்து வந்து எரிச்சலைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தன் கைகளை ஒளிக்காத பட்டு மாமிக்கும் நன்றி. வெளியே குளிர்கிறது, காதை மூடிக்கொண்டு பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

*

மலர் அச்சுக்குப் போகும் முன் மறுநாள் நடந்ததையும் எழுதித் தரச் சொன்னார்கள். நடந்தது இது.

பேச்சில் நான் பெயர் சொல்லாத டெக்னீஷியன், கிளமெண்ட். பெயரைப் போடச் சொன்னவர் அவரே. விழாவுக்கு அவர் வந்திருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஷிப்ட் ஃபெபியுடையது. அவளை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, கிளமெண்ட் தன் பெயரிலேயே இயந்திரத்தைத் திறந்து, தானே பாட்டிலைப் போட்டிருக்கிறார். எண் கோட்டுக்கு வெளியே விழுந்தது. அதையே சேமித்தார். மறுபடி ஓட்டவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, அவசர மாதிரிகளை மட்டும் அடுத்த கட்டிடத்துக்கு அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டி நின்றது, கண்ணாடியில் விரிசல் விழாதது ஆச்சரியம். ஒருவர் கிளமெண்டின் அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். “அச்சா பாய்சாப், அச்சா,” என்று கிளமெண்ட் கைகட்டி நின்றார்.

குழு கூடியது. வரிசையில் நின்றவர்களின் புகார் அதற்குள் வந்துவிட்டது. சூப்பரின்டெண்டெண்ட் திரையைத் திறந்தார். எச்சரிக்கை சிவப்பாக இருந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘ஆபரேட்டர்: கிளமெண்ட்’ என்றிருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “கிளமெண்ட்? யே ஹோ ஹீ நஹீ சக்தா,” என்றார். இது நடக்கவே முடியாது. “மஷீன் கோல்கே தேக்கோ.” இயந்திரத்தைத் திறந்து பாருங்கள்.

திறந்தார்கள். மாதிரியின் ஊடே ஒளி பாய்ச்சி அளக்க உள்ளே இருக்கும் விளக்கு மாற்ற வேண்டிய காலத்தைத் தாண்டி மங்கிப் போயிருந்தது. எண்கள் அங்குமிங்கும் குதித்தது அதனால்தான். கிளமெண்ட் எழுந்து நின்று, கான்டீனில் சொன்னதை பிஸ்கட் இல்லாமல் சொன்னார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. இனி எல்லா எண்களையும் சேமிப்பது என்று தீர்மானம். மாடலுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் ப்ரணவ். பெயரை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். இத்தனை நாள் எத்தனை நோயாளிகளுக்குத் தவறான எண் போயிருக்கும் என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஃபெபியை உள்ளே அழைத்தார்கள். வேலை உறுதி என்றார் சூப்பரின்டெண்டெண்ட். அவள் நன்றி சொல்லவில்லை. தூத்துக்குடி இந்தியில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

“மேரா நாம் ஆயா, தப் மஷீன் க்யோன் நஹீ கோலா, சர்?” என் பெயர் வந்தபோது ஏன் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை?

அவர் அவளுடைய தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “அச்சா, அச்சா,” என்றார், தலை நிமிராமல்.